மூலப்படி ஒன்று, கிளைகள் இரண்டு

ஒரே நூலின் இரண்டு படிகள் ஓரிடத்தில் வேறுபடும்போது, அவற்றை அருகருகே வைத்து எத்தனை முறை ஒப்பிட்டாலும், ஒன்றில் உள்ள சொல் மற்றதில் விடுபட்டுப் போனதா, அல்லது அந்தச் சொல்லே பின்னாளில் யாரோ சேர்த்ததா என்பது தெரியவராது. வேறுபாடு இருக்கிறது என்ற அளவோடு அந்த ஒப்பீடு நின்றுவிடும். மாறியது எது, மாறாமல் நின்றது எது என்று பிரித்தறிய, இரண்டு படிகளும் எதிலிருந்து பிறந்தனவோ அந்த மூலப்படி வேண்டும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர் முன் நின்ற இந்தச் சிக்கலே, பலர் ஒரே காலத்தில் எழுதும் நிரல்களை ஒன்றுசேர்க்கும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களின் முன்னும் நிற்கிறது. அவற்றுள் இன்று மிகப் பரவலாகப் புழங்கும் கிட், மூலப்படியைத் தானே தேடியெடுத்து, இரு கிளைகளோடு அதனையும் சேர்த்து மூன்றையும் ஒரே பட்டியலில் நிறுத்துகிறது. இண்டெக்ஸ் எனப்படும் அந்தப் பட்டியலின் அமைப்பு விளங்கிவிட்டால், இணைப்பின்போது நிகழ்வனவற்றில் புதிராகத் தோன்றும் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

தாமிரபரணிக் கரை இந்தச் சிக்கலை அச்சுக்காலத்தின் தொடக்கத்திலேயே நேரில் கண்டது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் வெளியிடுவதற்கு முன் ஏடு தேடிச் சென்ற இடங்களுள் திருநெல்வேலியும் ஆழ்வார்திருநகரியும் அடங்கும். அவ்வூர்களின் கவிராயர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவடிகளைக் காத்து வைத்திருந்தன. கிடைத்த ஏடுகள் எல்லாம் படியின் படியே. கபிலரோ நக்கீரரோ பாடிய காலத்து ஏடு எவரிடமும் இல்லை. ஆகவே ஓர் ஏட்டில் இருந்த அடி மற்றோர் ஏட்டில் இல்லையென்றால், யாப்பையும் உரையையும் பிற நூல்களில் வரும் மேற்கோள்களையும் துணைகொண்டு மூலம் எப்படி இருந்திருக்கும் என்று பதிப்பாசிரியர் ஊகிக்க வேண்டியிருந்தது. குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்களை அடுக்கிச் சொல்லும் பகுதியில், பிற ஏடுகளில் விடுபட்டிருந்த அடிகள் தருமபுர ஆதீனத்து ஏட்டில் கிடைத்தது இத்தகைய தேடலின் நல்விளைவு. தீர்மானிக்க முடியாத இடங்களில் அவர் ஒரு பாடத்தை மேலே வைத்து, மற்றதைப் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் காட்டினார். ஊகம் எவ்வளவு கூர்மையாக இருப்பினும் அது ஊகமே என்பதை அந்த அடிக்குறிப்புகள் மறைக்கவில்லை.

மென்பொருளில் இந்த ஊகத்துக்கு இடம் வைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு படியும் எதிலிருந்து பிறந்தது என்பதை எழுதும் நேரத்திலேயே பதிந்துவிடலாம். பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் 1972இல் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிச்சி 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆர்சிஎஸ் ஆகிய முன்னோடிகள் தனித்தனிக் கோப்புகளின் வரலாற்றைக் காத்தன. ஒரு கோப்பை ஒருவர் திறந்தால் மற்றவர் காத்திருக்கும் பூட்டுமுறையே அவற்றில் வழக்கம்; காத்திருப்போர் சிலராக இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. லினக்ஸ் கருநிரலில் நிலைமை வேறு. உலகின் பல மூலைகளிலிருந்து வந்துசேரும் மாற்றங்களைத் தாங்கிவந்த பிட்கீப்பர் என்னும் வணிக மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தும் வசதி 2005இல் நின்றுபோனது; அவ்வாண்டு ஏப்ரல் மாதம் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். கருநிரலைப் பேணுவோரின் அன்றாட வேலையே இணைத்தல் என்பதால், மூன்று படிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஏற்பாடு அதே ஏப்ரலில் இண்டெக்ஸுக்குள் வந்துவிட்டது. சில மாதங்களில் பராமரிப்புப் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் சென்றது.

இண்டெக்ஸை அறியுமுன் கிட்டின் சேமிப்பு முறையைச் சுருக்கமாகவேனும் காண வேண்டும். கோப்பு ஒன்றின் உள்ளடக்கத்தை கிட் சேமிக்கும்போது, அதன் பைட்டுகளின் மீது ஷா-1 என்னும் கணக்கீட்டைச் செலுத்தி, பதினாறடிமான முறையில் 40 இலக்கங்கள் கொண்ட ஒரு முத்திரையைப் பெற்று, அம்முத்திரையையே உள்ளடக்கத்தின் பெயராகக் கொள்கிறது. உள்ளடக்கம் ஒன்றானால் முத்திரையும் ஒன்று. ஒரு பைட் மாறினாலும் முத்திரை முழுவதும் மாறிவிடும். ஓர் அடைவில் உள்ள கோப்புகளின் பெயர்களும் முத்திரைகளும் சேர்ந்து மரம் எனப்படும் பட்டியலாகின்றன. அந்த மரத்துக்கும் ஒரு முத்திரை உண்டு. மரத்தின் முத்திரை, எழுதியவர் பெயர், காலம், விளக்கக் குறிப்பு, இவற்றோடு இதற்கு முந்தைய நிலையின் முத்திரை ஆகியவை சேர்ந்தது கமிட். ஒவ்வொரு கமிட்டும் தன் பெற்றோரைச் சுட்டுவதால் வரலாறு முழுவதும் ஒரு குடிவழியாகக் கோத்து நிற்கிறது. கிளை என்பது அந்தக் குடிவழியின் ஒரு நுனியைக் காட்டும் பெயர் மட்டுமே.

கமிட்டாக நிலைபெற்றுவிட்ட வரலாற்றுக்கும், பயனர் திருத்திக்கொண்டிருக்கும் கோப்புகளுக்கும் இடையில் நிற்பது இண்டெக்ஸ். அடுத்த கமிட்டில் எவை இடம்பெற வேண்டும் என்று கிட் ஆட் என்னும் கட்டளையால் தெரிவிக்கும்போது, அந்தத் தெரிவு எழுதப்படும் இடம் இதுவே. ஸ்டேஜிங் என்று நிரலாளர் வழங்குவதும் இதனைத்தான். வட்டில் இது ஒரே ஒரு பைனரிக் கோப்பு. அதன் முதல் நான்கு பைட்டுகள் டி, ஐ, ஆர், சி என்னும் ஆங்கில எழுத்துகள். தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் இதற்கு இட்டிருந்த டைரக்டரி கேஷ் என்ற பெயரின் எச்சம் அங்கே இன்றும் நிற்கிறது. அதையடுத்து வடிவ எண்ணும் பதிவுகளின் எண்ணிக்கையும் வருகின்றன. ஒவ்வொரு பதிவிலும் கோப்பு கடைசியாக மாறிய நேரம், அளவு போன்ற விவரங்களுக்கு 40 பைட்டுகளும், ஷா-1 முத்திரைக்கு 20 பைட்டுகளும், கொடிகள் எனப்படும் குறிப்புகளுக்கு 2 பைட்டுகளும் ஒதுக்கப்பட்டு, அதன் பின் கோப்பின் பெயர் வருகிறது.

அந்த 2 பைட்டுகளுக்குள், அதாவது 16 பிட்டுகளுக்குள், 12 பிட்டுகள் பெயரின் நீளத்துக்கும் தலா ஒரு பிட் வேறு இரண்டு பயன்களுக்கும் போக, எஞ்சும் 2 பிட்டுகளிலேயே இணைப்பின் இயக்கம் அடங்கியிருக்கிறது. இரண்டு பிட்டுகளில் 0 முதல் 3 வரை நான்கு எண்களை எழுதலாம். அவை அந்தப் பதிவு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதைக் காட்டுகின்றன. சிக்கலில்லாத நாட்களில் எல்லாப் பதிவுகளும் அடுக்கு 0இல் இருக்கும். இணைப்பில் ஒரு கோப்பு தீர்மானமாகாமல் நின்றால், அதே பெயரில் மூன்று பதிவுகள் வரை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்: அடுக்கு 1இல் மூலப்படி, அடுக்கு 2இல் பயனர் நிற்கும் கிளையின் படி, அடுக்கு 3இல் உள்ளே வரும் கிளையின் படி. நான்கு நிலைகள், அவற்றைச் சுட்ட இரண்டு பிட்டுகள்; ஒரு பிட்டும் வீணாகவில்லை, ஒரு பிட்டும் பற்றாமலில்லை. கணினியியலில் அழகு என்று எதையேனும் சொல்லத் துணிந்தால் இத்தகைய சிக்கனத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

மூலப்படி எது என்பதை கிட் ஊகிப்பதில்லை. இரு கிளைகளின் நுனிகளிலிருந்தும் பெற்றோர் வழியே பின்னோக்கி நடந்து, இருவழிகளும் சந்திக்கும் அண்மைப் பொது மூதாதையைக் கண்டுபிடிக்கிறது. அந்த மூதாதையே பயனர் நிற்கும் கிளையின் நுனியாகவும் அமைந்துவிட்டால், ஒரு பக்கத்தில் மாற்றமே நிகழவில்லை என்று பொருள். அப்போது இணைப்பதற்கு எதுவுமில்லை, கிளையின் பெயரை முன்னே நகர்த்தினால் போதும்.

இரு பக்கமும் மாறியிருக்கும் நிலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வள்ளியூரைப் பற்றி நான்கு வரிகள் கொண்ட ஒரு கோப்பு இருப்பதாகக் கொள்வோம். அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ளது என்பது முதல் வரி. கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 7 அதனை ஒட்டிச் செல்கிறது என்பது இரண்டாம் வரி. திருநெல்வேலி–நாகர்கோவில் ரயில் பாதையில் அதற்கு ஒரு நிலையம் உண்டு என்பது மூன்றாம் வரி. குன்றைக் குடைந்த முருகன் கோயில் அங்கே இருக்கிறது என்பது நான்காம் வரி. தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் 2010இல் மாற்றியமைக்கப்பட்டபோது பழைய 7ஆம் எண் சாலையின் இந்தப் பகுதி 44ஆம் எண் சாலைக்குள் வந்தது. ஆகவே திருநெல்வேலியில் இருக்கும் ஒருவர் தம் கிளையில் இரண்டாம் வரியைத் திருத்துகிறார். அதை அறியாத மற்றொருவர் நாகர்கோவிலில் தம் கிளையில் கோயிலைப் பற்றிய நான்காம் வரியை விரித்து எழுதுகிறார். இரண்டு படிகளை மட்டும் கையில் வைத்திருக்கும் மூன்றாமவருக்கு இரண்டு வரிகள் வேறுபடுகின்றன என்பதுதான் தெரியும். 44 புதியதா, 7 புதியதா என்பது தெரியாது. மூலப்படியும் உடனிருந்தால் கேள்வியே எழாது. இரண்டாம் வரியில் நாகர்கோவில் படி மூலத்தோடு ஒத்துப்போவதால் திருநெல்வேலி மாற்றம் ஏற்கப்படும். நான்காம் வரியில் அதன் மறுதலை.

இதே தருக்கத்தை வரிகளுக்கு முன்பாக முழுக் கோப்புகளின் மீதே கிட் செலுத்துகிறது என்பதில்தான் அதன் வேகம் இருக்கிறது. உள்ளடக்கத்தைத் திறந்து பார்க்காமல் முத்திரைகளை மட்டும் ஒப்பிட்டே பெரும்பாலான கோப்புகளுக்கு முடிவு சொல்லிவிடலாம். மூன்று படிகளுள் பயனரின் படி மூலத்தோடு ஒத்திருந்தால் வரும் படியை எடுத்துக்கொள்வது, வரும் படி மூலத்தோடு ஒத்திருந்தால் பயனரின் படியை வைத்துக்கொள்வது, இருவரும் ஒரே மாற்றத்தைச் செய்திருந்தால் அதனை அப்படியே ஏற்பது ஆகியவற்றுக்கு 20 பைட்டுகளை ஒப்பிடுவது போதும். ஓர் அடைவு முழுவதற்குமான மரத்தின் முத்திரையே ஒத்துப்போகும்போது அந்த அடைவுக்குள் நுழைய வேண்டிய தேவைகூட இல்லை. பல்லாயிரம் கோப்புகள் கொண்ட லினக்ஸ் கருநிரலை நொடிக்கணக்கில் இணைக்க முடிவதற்கு, இந்த வேலையின் பெரும்பகுதி செய்யாமலே விடப்படும் வேலை என்பதே காரணம்.

மூன்று முத்திரைகளும் மூன்று விதமாக நிற்கும் கோப்புகளே வரிவரியாகப் பார்க்கப்படுகின்றன. மூலத்துக்கும் ஒவ்வொரு கிளைக்கும் இடையிலுள்ள வேறுபாடு முதலில் கண்டறியப்படுகிறது. யூஜின் மயர்ஸ் 1986இல் வெளியிட்ட வழிமுறையே இதற்கு அடிப்படை. பின்னர் அவ்விரு வேறுபாட்டுப் பட்டியல்களும் மூலத்தின் மீது பொருத்தப்பட்டு, ஒன்றையொன்று தொடாத மாற்றங்கள் எல்லாம் ஏற்கப்பட்டு, தொடுகின்றவை மோதல் என்று ஒதுக்கப்படுகின்றன. டிஃப்3 என்று பெயர் பெற்ற இந்த முறை, பார்வைக்கு இருக்கும் எளிமையைக் கணிதத்தில் காட்டுவதில்லை. சஞ்சீவ் கன்னா, கேசவ் குணால், பெஞ்சமின் பியர்ஸ் ஆகியோர் 2007இல் புதுதில்லியில் நடந்த கணினியியல் கருத்தரங்குக்கு அளித்த ஆய்வில், இதைப் பற்றி இயல்பாகத் தோன்றும் பல எண்ணங்கள் பொதுவாக உண்மையாவதில்லை என்று நிறுவினர். ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இரு திருத்தங்கள் ஒருபோதும் மோதமாட்டா என்ற நம்பிக்கைகூடச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே நிற்கிறது. வரிகள் திரும்பத் திரும்ப வரும் கோப்புகளில் எந்த வரி எதற்கு இணை என்பதே பலவாறாக அமையலாம் என்பது இதன் வேர்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் ரயில் நிலையத்தைப் பற்றிய மூன்றாம் வரிக்கு ஒரு மறைவான பணி உண்டு. அது இருவராலும் தொடப்படாமல் இடையில் நிற்பதால்தான் இணைப்பு தானாகவே முடிகிறது. திருத்தப்பட்ட இரு வரிகளும் அடுத்தடுத்து இருந்திருந்தால், அவை வேறு வேறு வரிகளாக இருந்தும் கிட் அவற்றை மோதலாகவே கருதியிருக்கும். அண்டை வரிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால் இவ்வாறு எச்சரிக்கையாக வகுக்கப்பட்டிருக்கிறது.

இனி நாகர்கோவில்காரரும் இரண்டாம் வரியையே தொட்டு, எண்ணை நீக்கிவிட்டு நான்குவழிச் சாலை என்று எழுதியிருப்பதாகக் கொண்டால், இண்டெக்ஸ் தன் முழுப் பயனையும் காட்டும் நிலை வருகிறது. மூன்று படிகளின் முத்திரைகளும் அடுக்கு 1, 2, 3 ஆகியவற்றில் அதே பெயரின் கீழ் எழுதப்படுகின்றன; அடுக்கு 0இல் இருந்த பதிவு அகற்றப்படுகிறது. பயனரின் அடைவிலுள்ள கோப்பில், மோதும் பகுதி மட்டும் ஏழு ஏழு குறிகள் கொண்ட வேலிகளுக்கு இடையில் இரு வடிவத்திலும் எழுதிக் காட்டப்படுகிறது. பெரும்பாலான பயனர்கள் இந்த வேலிகளையே மோதல் என்று எண்ணிவிடுகின்றனர். அவை பார்வைக்கான ஒரு படம் மட்டுமே. மோதல் உண்மையில் இருப்பது இண்டெக்ஸில். கோப்பை அழித்துவிட்டாலும், வேலிகளைத் தவறாகக் கலைத்துவிட்டாலும், மூன்று அடுக்குகளும் சிதையாமல் இருப்பதால் அதே வேலிகளை மீண்டும் எழுதுவிக்கலாம். எல்எஸ்-ஃபைல்ஸ் என்னும் கட்டளையால் அடுக்குகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் முழு வாசகத்தையும் தனித்தனியே எடுத்துப் படிக்கலாம். இயல்பாகக் காட்டப்படும் வேலிகளில் மூலப்படியின் வாசகம் இடம்பெறாததை ஒரு குறை என்றே கூற வேண்டும். அமைப்பை மாற்றி மூலத்தையும் சேர்த்துக் காட்டச் செய்தவர்களுக்கு, இரண்டு பக்கங்களும் எதிலிருந்து விலகின என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

எல்லா மோதலும் மூன்று அடுக்குகளையும் நிரப்புவதில்லை. எந்த அடுக்கு வெறுமையாக இருக்கிறது என்பதே மோதலின் வகையைச் சொல்லிவிடும். ஒருவர் கோப்பை நீக்கிவிட, மற்றவர் அதனைத் திருத்தியிருந்தால், மூலமும் திருத்தியவரின் படியும் மட்டும் நிற்கும். மூலத்தில் இல்லாத ஒரு கோப்பை இருவரும் ஒரே பெயரில் வெவ்வேறு உள்ளடக்கத்தோடு உருவாக்கியிருந்தால், அடுக்கு 2உம் 3உம் மட்டும் இருக்கும். அடுக்கு 1 இராது. கிட்டுக்கு மிகக் கடினமான நிலை இதுதான். வேறுபாடுகளைக் காட்டுவதற்கு மேல், அவற்றுள் எது கூட்டப்பட்டது, எது குறைக்கப்பட்டது என்று சொல்ல அதனால் இயலாது. ஆழ்வார்திருநகரி ஏட்டையும் தருமபுரத்து ஏட்டையும் வைத்துக்கொண்டிருந்த பதிப்பாசிரியர் எப்போதும் இருந்தது அடுக்கு 1 இல்லாத இந்த நிலையில்தான் என்பதை நினைக்கும்போது, அன்றைய பதிப்பு வேலையின் கனம் இன்னும் துல்லியமாகப் புலப்படுகிறது.

தீர்மானமாகாத ஒரே ஒரு கோப்பு இருந்தாலும், இண்டெக்ஸிலிருந்து மரம் கட்டும் ரைட்-ட்ரீ என்னும் உட்கட்டளை மறுத்துவிடும். மரம் இல்லையென்றால் கமிட்டும் இல்லை. மரத்தின் வடிவத்தில் ஒரு பெயருக்கு ஓர் உள்ளடக்கமே இருக்க முடியும், அடுக்கு என்ற கருத்துக்கு அங்கே இடமில்லை என்பதால், ஐயத்தோடு கூடிய நிலை வரலாற்றுக்குள் நுழைய வழியில்லை. பயனர் கோப்பைத் திருத்தி முடித்து கிட் ஆட் கொடுத்ததும் மூன்று அடுக்குகளும் நீங்கி, புதிய உள்ளடக்கத்தின் முத்திரையோடு அடுக்கு 0இல் ஒற்றைப் பதிவு எழுதப்படுகிறது. அவர் எழுதியது சரியா, வேலிகளை முழுமையாக நீக்கினாரா என்றெல்லாம் கிட் சோதிப்பதில்லை. தீர்ந்தது என்ற சொல்லை அப்படியே நம்புகிறது. ஏழு குறிகள் கொண்ட வேலியோடு வெளியாகிவிட்ட நிரல்கள் இதனால்தான் அவ்வப்போது தென்படுகின்றன.

இங்கே தமிழில் எழுதுவோருக்கென்றே அமைந்த இடர்கள் சில உண்டு. கிட் ஒப்பிடுவது பைட்டுகளை, எழுத்துகளை அல்ல. யூனிகோடில் கோ என்னும் உயிர்மெய்யை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடலாம், அல்லது ஏகாரக் குறியையும் கால் குறியையும் இரண்டு குறியீடுகளாக இடலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே கூறுகிறது. திரையிலும் அச்சிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் பைட்டுகள் வேறு. ஆகவே கோயில் என்னும் சொல் வரும் நான்காம் வரியை ஒரு விசைப்பலகை ஒருவிதமாகவும் மற்றொரு மென்பொருள் வேறுவிதமாகவும் எழுதிவைத்தால், ஒரு சொல்லும் மாறாத அந்த வரி மாறியதாகவே கிட்டுக்குத் தோன்றும். இரு கிளைகளிலும் அவ்வரி தொடப்பட்டிருந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு வாசகங்களுக்கு இடையே வேலி நிற்கும். பார்ப்பவர் மென்பொருளில் பிழை என்றே கருதுவார். கமிட் செய்வதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு சிறு நிரலை ஓடவிடுவதே இதற்கு மருந்து.

கோப்பின் பெயரே தமிழில் இருந்தால் வேறொரு வேடிக்கை நிகழும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், ஒன்பது குறியீடுகள் கொண்ட வள்ளியூர் என்னும் பெயர் இண்டெக்ஸில் 27 பைட்டுகளாக அமைகிறது, அதில் இடரொன்றுமில்லை. ஆனால் கட்டளைத் திரையில் காட்டும்போது, இயல்பான அமைப்பில் கிட் அந்தப் பைட்டுகளை எண்ணடிமான எண்களாக மாற்றி, வகரத்தை \340\256\265 என்று காட்டத் தொடங்கிவிடும். கோட்பாத் என்னும் அமைப்பை அணைத்தால் தமிழ் தமிழாகவே தெரியும். இவ்வளவு எளிய ஒன்று இத்தனை ஆண்டுகளாகியும் இயல்பு அமைப்பாக மாறவில்லை.

உரைநடை எழுதுவோருக்கு மூன்றாவது இடர் வரி என்ற அலகிலேயே இருக்கிறது. நிரலில் ஒரு வரி பெரும்பாலும் ஒரு செயல். கட்டுரையிலோ ஒரு பத்தி முழுவதும் கோப்பில் ஒரே வரியாக அமைந்துவிடுவது வழக்கம். பத்தியின் தொடக்கத்தில் ஒருவரும் முடிவில் மற்றொருவரும் ஒவ்வொரு சொல்லைத் திருத்தினாலும் பத்தி முழுவதும் மோதலாகிவிடும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதும் பழக்கம் இதனைப் பெரிதும் தணிக்கும்.

இதுவரை பொது மூதாதை ஒன்றே என்று கொள்ளப்பட்டது. இரு கிளைகளும் இடையில் ஒன்றையொன்று உள்வாங்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தால், சம தகுதியுள்ள மூதாதைகள் இரண்டோ அதற்கு மேலோ கிடைப்பதுண்டு. ஃபிரெட்ரிக் குய்வினென் 2005இல் எழுதிய ரிகர்சிவ் என்னும் முறை, அந்த மூதாதைகளையே முதலில் ஒன்றோடொன்று இணைத்து, வரலாற்றில் எங்கும் இல்லாத ஒரு கற்பனை மூலப்படியை உருவாக்கி, அதனை அடுக்கு 1ஆக வைத்துக்கொள்கிறது. அந்த இணைப்பிலேயே மோதல் எழுந்தால், வேலிகளோடு கூடிய வாசகமே மூலப்படியாகிவிடும். பார்ப்பதற்கு விந்தையாக இருப்பினும், தேவையற்ற மோதல்களை இது வெகுவாகக் குறைத்தது. எலைஜா நியூரன் புதிதாக எழுதி, 2021 நவம்பரில் வந்த 2.34 பதிப்பு முதல் இயல்பு முறையாகிவிட்ட ஆர்ட், அதே கொள்கையை வேறு விதமாக நிறைவேற்றுகிறது. பழைய முறை இணைப்பின் நடுவிலேயே இண்டெக்ஸையும் பயனரின் கோப்புகளையும் திருத்திக்கொண்டே சென்றது. ஆர்ட் முழு வேலையையும் நினைவகத்தில் முடித்துவிட்டு, கடைசியில்தான் விளைவை வெளியே எழுதுகிறது. பெயர்மாற்றங்கள் மிகுந்த பெரிய களஞ்சியங்களில் இதன் வேகம் பழையதோடு ஒப்பிட முடியாதது. கோப்புகளே விரிக்கப்படாத வழங்கிக் கணினியிலும் இணைப்பைச் செய்துபார்க்க முடிவதும் இதனாலேயே. இண்டெக்ஸ் இப்போது இணைப்பு நடக்கும் பட்டறையாக இல்லை. தீராதவை எவை என்று எழுதிவைக்கும் ஏடாக இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே அதன் சிறந்த பயன் அதுவாகத்தான் இருந்தது என்று கருத இடமுண்டு.

மோதல் இன்றி முடிந்த இணைப்பு சரியான இணைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாகர்கோவில்காரர் கோயில் வரியின் கீழ் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்து, 7ஆம் எண் சாலையில் வடக்கே நாங்குநேரியும் தெற்கே பணகுடியும் இருக்கின்றன என்று எழுதியிருந்தால், கிட் அதனை எந்தத் தயக்கமுமின்றி ஏற்கும். முடிவில் இரண்டாம் வரி 44 என்றும் ஐந்தாம் வரி 7 என்றும் சொல்லும். இருவரும் அவரவர் அளவில் முரணின்றி எழுதியவை சேர்ந்தபோது முரணாயின. நிரல்களில் இதன் வடிவம், ஒருவர் ஒரு செயற்கூறின் பெயரை மாற்றிவிட, மற்றவர் பழைய பெயரில் அதனைப் புதிதாக ஓரிடத்தில் அழைத்திருப்பது. பைட்டுகளை ஒப்பிடும் எந்த முறையும் இதனைக் காணாது. இணைப்புக்குப் பின் சோதனைகளை மீண்டும் ஓடவிடும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது.

எல்லாம் தீர்ந்து கமிட் எழுதப்படும்போது, அதற்கு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பெற்றோர் பதியப்படுகின்றனர். இந்தப் பதிவு ஒரு சடங்கு அல்ல. அடுத்த இணைப்பின் மூலப்படியைத் தீர்மானிப்பது இதுவே. திருநெல்வேலிக் கிளையும் நாகர்கோவில் கிளையும் மறுமுறை இணையும்போது, பின்னோக்கி நடக்கும் தேடல் மிகப் பழைய மூதாதை வரை போகாமல், சென்ற இணைப்பு எந்த நுனியை உள்வாங்கியதோ அங்கேயே நின்றுவிடும்; அன்று தீர்த்த மோதல் மீண்டும் எழாது. ஸ்குவாஷ் என்னும் முறையில், உள்ளே வரும் கிளையின் மாற்றங்களை ஒரே கமிட்டாகச் சுருக்கி எடுத்துக்கொள்ளும்போது, உள்ளடக்கம் முழுவதும் வந்துசேர்ந்தாலும் இரண்டாம் பெற்றோர் பதியப்படுவதில்லை. வரலாறு நேர்கோடாகத் தெரியும் என்பதற்காகப் பல குழுக்கள் இதனை விரும்புகின்றன. அந்தக் கிளை அத்தோடு கைவிடப்படுமானால் இதில் கேடில்லை. அது தொடர்ந்து வளர்ந்து மறுபடியும் இணைக்கப்படுமானால், கிட் பழைய மூலப்படியையே மீண்டும் எடுத்து அடுக்கு 1இல் வைக்கும், சாலையின் எண்ணைப் பற்றிய அதே மோதலை அதே பயனரிடம் இரண்டாம் முறையும் கேட்கக்கூடும்.